ஃபயர்வாலுக்குப் பின்னாலுள்ள கணினிக்கு வழி திறத்தல்

நூறு பள்ளிகளின் கணினிக் கூடங்களில் நிறுவுவதற்காக ஒரு லினக்ஸ் தொகுப்பை அனுப்ப வேண்டியிருக்கிறது எனக் கொள்க. அதன் அளவு 5 ஜிகாபைட். அதை வைத்திருக்கும் கணினியின் இணைப்பு, வினாடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் வெளியே அனுப்பவல்லது. ஒரு பைட்டுக்கு 8 பிட் ஆதலின், ஒரு பிரதியை அனுப்ப 2,000 வினாடி, அஃதாவது 33 நிமிடத்திற்குச் சற்று அதிகமாகத் தேவைப்படும். நூறு பள்ளிகளும் அந்த ஒரே கணினியிடமிருந்து பெறுவதாயின் 55 மணி நேரத்திற்கு மேலாகிவிடும். இடையில் மின்சாரம் நின்று போகாமல் இருந்தால்தான் இக்கணக்கும் செல்லும்.

இச்சங்கடத்தைத் தீர்க்க வந்ததே கணினிக்குக் கணினி நேரடியாகப் பகிர்ந்துகொள்ளும் முறை. அமெரிக்கரான பிராம் கோஹென் 2001-இல் வெளியிட்ட பிட்டோரன்ட் இம்முறையில் மிகப் பரவலாக வழங்குவது. கோப்பு சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் கணித முறையில் ஓர் அடையாளக் குறி முன்கூட்டியே கணக்கிடப்பட்டுள்ளது. ஒரு துண்டைப் பெற்ற கணினி, அக்குறியைச் சரிபார்த்த உடனே அத்துண்டைப் பிறருக்கு வழங்கத் தொடங்குகிறது. முழுக் கோப்பும் வந்து சேரட்டும் எனக் காத்திருப்பதில்லை. முதல் கணினி ஏறக்குறைய ஒரு முழுப் பிரதியின் அளவுக்கு அனுப்பினாலே போதும். எஞ்சியதைப் பெறுவோர் தமக்குள் பரிமாறிக்கொள்வர். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்புகளை அவற்றை உருவாக்குவோரே இவ்வழியில் வழங்குகின்றனர். இம்முறையைத் திருட்டுத் திரைப்படங்களோடு மட்டும் சேர்த்து நினைப்பது பலரிடம் காணப்படும் வழக்கம். குற்றம் முறையில் இல்லை. எதை அதன் வழியே அனுப்புகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. உரிமையாளரின் அனுமதியின்றிப் பதிப்புரிமையுள்ள படைப்பைப் பகிர்வது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. தடையின்றி வழங்க உரிமையாளரே இசைவளித்த கோப்புகளைப் பற்றியதே இங்குக் கூறப்படுவது.

இனி, இம்முறையை மேற்கொண்ட ஆசிரியர் பலர் காணும் ஒரு நிலையைப் பார்க்கலாம். மென்பொருள் இயங்குகிறது, கோப்பும் வருகிறது. ஆனால் மிக மெதுவாக வருகிறது. பட்டியலில் நூறு கணினிகள் இருப்பதாகக் காட்டினும், இணைந்திருப்பவை பத்தோ பன்னிரண்டோதான். முழுவதும் பெற்ற பின்னர் பிறருக்கு வழங்குவதற்காகக் கணினியை இரவு முழுதும் இயங்க விட்டாலும், எவரும் வந்து பெற்றுக்கொள்வதில்லை. திரையின் அடியில் மஞ்சள் நிறக் குறியோ, "இணைப்புகளை ஏற்க இயலவில்லை" என்னும் பொருள்படும் ஒரு வாசகமோ தோன்றுகிறது. இணையச் சேவையாளரைக் குறை கூறுவதற்கு முன் இதன் காரணத்தை அறிதல் நலம்.

மூடிய கதவுகளின் கணக்கு

இரு கணினிகள் பேச வேண்டுமாயின், அவற்றுள் ஒன்று முதலில் அழைக்க வேண்டும். மற்றது அவ்வழைப்பை ஏற்க வேண்டும். அழைப்பது எல்லாக் கணினிகளுக்கும் இயலும். ஏற்பதுதான் எல்லாவற்றிற்கும் இயலுவதில்லை. வெளியிலிருந்து வரும் அழைப்பை ஏற்கவல்ல கணினியைத் திறந்தது என்றும், இயலாததை மூடியது என்றும் கொள்ளலாம். திறந்ததும் திறந்ததும் இணையலாம். மூடியதும் திறந்ததும்கூட இணையலாம்; மூடியது அழைக்க வேண்டும், அவ்வளவே. இணைந்த பின்னர்த் துண்டுகள் இரு திசையிலும் செல்லும். மூடியது இரண்டு சந்திப்பதுதான் இயலாத காரியம்; இரண்டும் அழைக்கின்றன, இரண்டின் கதவும் திறப்பதில்லை.

நூறு கணினிகளில் 80 மூடியவை, 20 திறந்தவை என்க. நூறு கணினிகளிடையே அமையக்கூடிய இணைகள் 100 × 99 ÷ 2 = 4,950. இவற்றுள் இரு புறமும் மூடியவை 80 × 79 ÷ 2 = 3,160. ஆகவே இணையக்கூடியவை 1,790 மட்டுமே. நூற்றுக்கு 36 என்ற விகிதம். மூடிய கணினி ஒன்று 20 பேரை மட்டுமே அடைய முடியும். அது திறக்கப்படுமாயின் எஞ்சிய 99 பேரையும் அடையலாம். நூறும் மூடியவையாயின் ஓர் இணைப்பும் ஏற்படாது. இக்கணக்கை உயர்நிலை வகுப்பு மாணவர்களே போட்டுப் பார்க்கலாம். சேர்மானங்கள் என்னும் பாடத்திற்கு இதைவிட உயிருள்ள உதாரணம் எளிதில் கிடைக்காது.

கதவு ஏன் மூடியிருக்கிறது

ஓர் அரசு அலுவலகத்தின் தபால் பிரிவை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். அலுவலகத்திற்குள் பல பிரிவுகள் உள்ளன. வெளியுலகுக்குத் தெரிவது கட்டடத்தின் ஒரே முகவரி. ஒரு பிரிவிலிருந்து கடிதம் வெளியே செல்லும்போது, தபால் எழுத்தர் அதற்கோர் எண்ணிட்டு, எந்தப் பிரிவிலிருந்து யாருக்குச் சென்றது என அனுப்புகைப் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறார். "பார்வை" என அவ்வெண்ணைக் குறிப்பிட்டு மறுமொழி வந்தால், பதிவேட்டைப் பார்த்து உரிய பிரிவுக்கு அனுப்பிவிடுகிறார். பார்வை எண் ஏதுமின்றி, முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. எந்தப் பிரிவுக்கு என்பது தெரியவில்லை. எழுத்தர் அதைக் குப்பைக் கூடையில் இடுகிறார். நல்ல அலுவலகத்தில் அவ்வாறு நிகழலாகாது. ஆனால் ரூட்டர் அவ்வாறுதான் செய்கிறது, செய்யவும் வேண்டும்.

பள்ளியிலும் வீட்டிலும் சுவரோரம் விளக்குகள் மினுக்கிக்கொண்டிருக்கும் ரூட்டரே இத்தபால் எழுத்தர். உள்ளேயுள்ள கணினிகளுக்கு 192.168.1.5 போன்ற உள்முகவரிகளை அது வழங்குகிறது. இவை கட்டடத்திற்குள் மட்டும் செல்லுபடியாகும். இதே முகவரி இந்தியாவில் இலட்சக்கணக்கான வீடுகளில் ஒரே வேளையில் வழங்கலாம். வெளியுலகுக்குத் தெரிவது ரூட்டரின் ஒரே ஐ.பி. முகவரி. உள்முகவரியை வெளிமுகவரியாக மாற்றி எழுதும் இவ்வேலைக்கு முகவரி மாற்றம் என்று பெயர். இம்முறை 1994-இல் ஏட்டில் விவரிக்கப்பட்டது. ஐ.பி. நான்காம் பதிப்பின் முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. உலகின் தேவைக்கு அது போதாது என்பது அப்போதே தெரிந்திருந்தது. முகவரிகளைச் சிக்கனம் செய்வதற்காக வந்த முறை, வெளியாரின் அழைப்பைத் தடுக்கும் கதவாகவும் ஆயிற்று.

போர்ட் என்பது இங்கு எண்ணிட்ட ஒரு வாயில். ஒரு கணினியில் பல மென்பொருள்கள் ஒரே வேளையில் வெளியுலகோடு பேசுகின்றன. எந்தச் செய்தி எதற்கு உரியது எனப் பிரித்தறிய ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரப்படுகிறது. இவ்வெண் 16 பிட் கொண்டதாதலின் 0 முதல் 65,535 வரை அமையும். வலைப்பக்கங்களுக்கு 80, 443 என்பன போன்று சில எண்கள் வழக்கமாக ஒதுக்கப்பட்டுள்ளன. தமிழில் இதனைத் துறை என வழங்குவோரும் உளர். படகு வந்து அணையும் இடத்தையும், அலுவலகப் பிரிவையும் ஒருங்கே குறிக்கும் அச்சொல் இரு பொருளிலும் இங்குப் பொருந்துவதே. எனினும் ரூட்டரின் திரையில் போர்ட் என்றே காணப்படுவதால் இங்கும் அச்சொல்லே கையாளப்படுகிறது.

போர்ட் ஃபார்வர்டிங் என்பது தபால் எழுத்தருக்குத் தரப்படும் ஒரு நிலையாணை: "51413 என்னும் எண்ணிட்டு எவரிடமிருந்து கடிதம் வந்தாலும், பார்வை எண் இல்லாவிடினும், அதை 192.168.1.5-க்கு அனுப்புக." இதுவே முழு விஷயமும்.

ஃபயர்வால் என்பது இதனின் வேறானது. முகவரி மாற்றம், வந்த கடிதம் யாருக்கு எனத் தெரியாததால் அதைத் தள்ளிவிடுகிறது. ஃபயர்வாலோ யாருக்கு எனத் தெரிந்தும், அனுமதி இல்லை என்பதால் தள்ளுகிறது. அது ரூட்டரிலும் உண்டு. ஒவ்வொரு கணினிக்குள்ளும் தனியாக உண்டு. ரூட்டரில் நிலையாணை சரியாக எழுதிவிட்டுக் கணினிக்குள்ளிருக்கும் காவலாளியை மறந்துவிடுவதே பெரும்பாலோர் தோல்வியுறுவதற்குக் காரணம்.

ரூட்டரைத் தொடுவதற்கு முன்

ஒரு சோதனையை முதலில் செய்துகொண்டால் ஒரு நாள் உழைப்பு மிச்சமாகும். ரூட்டரின் நிலைமைப் பக்கத்தில் அதன் வெளிமுகவரி காட்டப்பட்டிருக்கும். அதைக் குறித்துக்கொள்க. பின்னர், வருபவரின் ஐ.பி. முகவரியைக் காட்டும் வலைத்தளம் ஏதேனும் ஒன்றைத் திறந்து, அது காட்டும் முகவரியைக் குறித்துக்கொள்க. இரண்டும் ஒன்றாயின் மேற்கொண்டு செல்லலாம். வேறாயின், பள்ளியின் ரூட்டருக்கும் வெளியுலகுக்கும் இடையே இன்னொரு தபால் எழுத்தர் இருக்கிறார் என்பது பெறப்படும்.

அவர் யார் என்பதை ரூட்டர் காட்டும் எண்ணே பெரும்பாலும் சொல்லிவிடும். அது 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களில் தொடங்கினால், இணையச் சேவையாளரே தம் நிலையத்தில் முகவரி மாற்றம் செய்கிறார். அத்தொகுதி 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. 192.168 என்றோ, 10 என்றோ, 172.16 முதல் 172.31 வரையிலோ தொடங்கினால் இரண்டில் ஒன்று: கண்ணாடி இழை இணைப்போடு நிறுவப்பட்ட பெட்டியே ஒரு ரூட்டராக இயங்க, அதன் பின் பள்ளி வாங்கிய ரூட்டர் இரண்டாவதாக மாட்டப்பட்டிருக்கலாம், அல்லது சேவையாளரின் மாற்றமாகவே இருக்கலாம். முதல் வகைக்குப் பரிகாரம் கையிலேயே உண்டு. முதற்பெட்டியைப் பிரிட்ஜ் என்னும் நிலைக்கு மாற்றச் செய்யலாம். அல்லது இரு பெட்டிகளிலும் ஒன்றன் பின் ஒன்றாக நிலையாணை எழுதலாம்.

சேவையாளரின் மாற்றத்திற்குப் பள்ளி ரூட்டரில் பரிகாரம் இல்லை. வட்ட அலுவலகத் தபால் எழுத்தருக்கு எத்தனை நிலையாணை பிறப்பித்தாலும், கடிதங்கள் இயக்குநரகத்தின் தபால் பிரிவிலேயே தள்ளப்பட்டுவிடுமாயின் பயன் என்ன? இந்தியாவில் இந்நிலை மிகப் பரவலானது. உலகப் பொதுக் கையிருப்பிலிருந்த நான்காம் பதிப்பு முகவரிகள் 2011 பிப்ரவரியில் தீர்ந்தன. ஆசிய பசிபிக் பகுதிக்கான பங்கும் அவ்வாண்டு ஏப்ரலில் இறுதித் தொகுதியை எட்டியது. நாட்டில் இணையம் வீடுகளுக்கும் கைப்பேசிகளுக்கும் பெருமளவில் பரவியது அதன் பின்னரே. ஆகவே பின்னர் வந்த சேவையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பல சந்தாதாரர்களுக்குப் பங்கிட்டுத் தருகின்றனர். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் வழியாக இணைந்துள்ள கிராமப் பள்ளிகளில் போர்ட் திறக்க முயல்வது பெரும்பாலும் வீண்வேலை. இதை அறியாமல் ரூட்டரை நான்கு முறை அழித்து அமைத்து, இறுதியில் புதிய ரூட்டரையும் வாங்கியவர்கள் உண்டு.

அமைக்கும் முறை

முகவரிகள் இரண்டும் ஒத்தன எனின், முதற்கண் பகிர்வு மென்பொருளின் அமைப்புகளில் அது எந்த போர்ட்டில் அழைப்பை எதிர்நோக்குகிறது எனக் காண்க. டிரான்ஸ்மிஷன் என்னும் மென்பொருள் வழக்கமாக 51413-ஐ உபயோகிக்கிறது. வேறு மென்பொருள்களில் 10,000-க்கு மேற்பட்ட ஏதேனும் ஓர் எண்ணைத் தெரிந்துகொள்ளலாம். பழைய வழக்கமான 6881 முதல் 6889 வரையுள்ள எண்களைத் தவிர்த்தல் நன்று. சில சேவையாளர்கள் அவற்றின் வேகத்தைக் கட்டுப்படுத்தியதுண்டு. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் புதிய போர்ட்டைத் தேர்ந்துகொள்ளும் வசதி சில மென்பொருள்களில் உண்டு. அதை அணைத்துவிட வேண்டும். நாள்தோறும் அறை மாறும் பிரிவுக்கு நிலையாணை எழுதுவது இயலாது.

அதே காரணத்தால் கணினியின் உள்முகவரியும் நிலையானதாக இருத்தல் வேண்டும். ரூட்டர் உள்முகவரிகளை வாடகைக்கு விடுவது போல் வழங்குகிறது; இன்று 192.168.1.5 பெற்ற கணினி, நீண்ட விடுமுறைக்குப் பின் 192.168.1.9 பெறலாம். முந்தைய முகவரி தலைமையாசிரியரின் கணினிக்குச் சென்றிருக்கலாம். அவ்வாறாயின் வெளியார் அழைப்புகள் அனைத்தும் அவருடைய கணினியின் கதவைத் தட்டும். இதைத் தவிர்க்க, ரூட்டரின் டி.எச்.சி.பி. பகுதியில் முகவரி ஒதுக்கீடு என்னும் வசதியைக் கொண்டு, அக்கணினியின் வலைப்பொறிக்கு உரிய நிலையெண்ணுக்கு ஒரு குறிப்பிட்ட உள்முகவரியை நிரந்தரமாக ஒதுக்குக. கம்பி வழி இணைப்பும் கம்பியில்லா இணைப்பும் வெவ்வேறு நிலையெண் கொண்டவை. எதன் வழியாகக் கணினி இணைகிறதோ அதற்குரியதையே குறித்தல் வேண்டும்.

அடுத்து, கணினியின் உள்காவலாளி. விண்டோஸில் மென்பொருள் முதன்முறை இயங்கும்போது அனுமதி கேட்டு ஒரு பெட்டி தோன்றும். அவசரத்தில் அதை மூடிவிட்டவர்கள் பின்னர் ஃபயர்வால் பகுதிக்குச் சென்று அம்மென்பொருளுக்கு அனுமதி அளிக்கலாம். ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது: விண்டோஸ் ஒவ்வொரு வலையமைப்பையும் தனியார், பொது என இரு வகையாகக் கருதுகிறது. தனியார் வகைக்கு அனுமதி அளித்துவிட்டு, பள்ளி வலையமைப்பைப் பொது வகையாகவே விட்டிருந்தால் அனுமதி செல்லாது. உபுண்டுவிலோ, உள்ளிருக்கும் ஃபயர்வால் தொடக்கத்தில் இயங்காத நிலையிலேயே இருக்கும். எவரேனும் அதை இயக்கியிருந்தால் மட்டும் போர்ட்டைக் குறித்து அனுமதி தர வேண்டும். எவ்வகையாயினும் ஃபயர்வாலை முழுவதும் அணைத்துவிடுவது பரிகாரம் ஆகாது. ஒரு சாளரம் திறக்க வேண்டிய இடத்தில் சுவரை இடிப்பதற்கு அது ஒப்பாகும்.

இறுதியாக ரூட்டர். உலாவியில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்னும் முகவரியை இட்டால் பெரும்பாலான ரூட்டர்களின் நிர்வாகப் பக்கம் திறக்கும். சரியான முகவரி பெட்டியின் அடியில் அச்சிடப்பட்டிருக்கும். நிலையாணை எழுதும் இடம் ஒரு ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் எனவும், இன்னொன்றில் விர்ச்சுவல் சர்வர் எனவும், வேறொன்றில் நாட் எனவும் காணப்படும். அங்கே வெளி போர்ட், உள் போர்ட் இரண்டிலும் மென்பொருளில் கண்ட அதே எண்ணையும், உள்முகவரியில் ஒதுக்கப்பட்ட முகவரியையும் இடுக. டி.சி.பி., யு.டி.பி. என்னும் இரு வகைச் செய்திகளுக்கும் அனுமதி அளிக்க வேண்டும். பிட்டோரன்ட் இரண்டையும் உபயோகிக்கிறது. ஒன்றை மட்டும் திறந்தால் பாதி வேலையே நடக்கும், எந்தப் பாதி எனக் கண்டறிவதற்குள் பொழுது போய்விடும்.

சோதிக்கும்போது மென்பொருள் இயங்கிக்கொண்டிருத்தல் அவசியம். எதிர்நோக்கும் மென்பொருள் இல்லாவிடில், வழி முழுவதும் திறந்திருப்பினும் போர்ட் மூடியதாகவே தெரியும். டிரான்ஸ்மிஷன் போன்ற மென்பொருள்களில் சோதிக்கும் பொத்தான் உண்டு. வலைத்தளங்கள் மூலமும் சோதிக்கலாம். ஆனால் அவற்றுட் பல டி.சி.பி. வழியை மட்டுமே காட்டும். பள்ளிக்குள்ளிருந்தே பள்ளியின் வெளிமுகவரியை அழைத்துப் பார்ப்பது சோதனை ஆகாது. வாயில் வழியே வெளியே சென்று திரும்பும் அழைப்பைச் சில ரூட்டர்கள் ஏற்பதில்லை. திறந்த கதவும் அப்போது மூடியதாகத் தோன்றும்.

தானே திறக்கும் கதவு

இத்தனை உழைப்பும் வேண்டாமே, மென்பொருளே ரூட்டரிடம் கேட்டு வழி திறந்துகொள்ளலாமே என்னும் எண்ணத்தில் யு.பி.என்.பி. என்னும் முறை ஏற்பட்டது. பல ரூட்டர்களில் அது முன்கூட்டியே இயக்கப்பட்டிருக்கும். அங்கெல்லாம் மேற்கூறியவற்றுட் பல தாமே நடந்துவிடும். ஆனால் உள்ளேயுள்ள எந்த மென்பொருள் கேட்டாலும், கடவுச்சொல் ஏதுமின்றி, ரூட்டர் கதவைத் திறந்துவிடும். நல்ல மென்பொருளுக்குத் திறக்கும் கதவு, மாணவர் ஒருவரின் பென் டிரைவ் வழியே புகுந்த தீய மென்பொருளுக்கும் திறக்கும். 2013 ஜனவரியில் ராபிட்7 என்னும் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, இம்முறையிலுள்ள பிழைகளால் நான்கு முதல் ஐந்து கோடி சாதனங்கள் தாக்குதலுக்கு இலக்காகும் நிலையில் இருந்ததாகக் கூறியது. ஒரே ஒரு கணினி உள்ள வீட்டில் இதன் வசதியைப் பெரிதாகக் கருதலாம். பல கைகள் புழங்கும் பள்ளியில் யு.பி.என்.பி.யை அணைத்துவிட்டு, ஒரு நிலையாணையைக் கையால் எழுதுவதே தக்கது.

கையால் எழுதினாலும் அபாயம் முற்றும் நீங்கிவிடாது. திறந்த போர்ட்டை உலகில் எவரும் தட்டிப் பார்க்கலாம். தட்டுவதையே தொழிலாகக் கொண்ட தானியங்கி நிரல்கள் இரவு பகலாக இயங்குகின்றன. 2016-இல் மிராய் என்னும் தீய நிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விடப்பட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் 23 என்னும் போர்ட் வழியே தேடித் தேடிக் கைப்பற்றியது. 2017 மே மாதத்தில் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாகிரை, 445 என்னும் போர்ட் வழியே பரவியது. அதைத் தடுக்கும் திருத்தம் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியாகியிருந்தும் பலர் அதை நிறுவவில்லை. ஆதலின் பகிர்வு மென்பொருளுக்கு உரிய ஒரே எண்ணைத் தவிர வேறெதையும் திறத்தல் கூடாது. கோப்புப் பகிர்வுக்குரிய 445, தொலைவிலிருந்து கணினியை இயக்குவதற்குரிய 3389 ஆகியவை குறிப்பாக விலக்கத் தக்கவை. பகிர்வு மென்பொருளின் நிர்வாகத் திரைக்கு உரிய போர்ட்டும் (டிரான்ஸ்மிஷனில் 9091) வெளியுலகுக்குத் தெரியலாகாது. டி.எம்.இசட். என்னும் ஒரு வசதி ரூட்டரில் காணப்படும். ஒரே சொடுக்கில் கணினியின் எல்லாப் போர்ட்டுகளையும் அது வெளியே காட்டிவிடும். "எப்படியோ வேலை செய்தது" என்று அதைப் பரிந்துரைப்போர் சொல்லைக் கேளாதிருத்தல் நலம்.

அலுவலக வலையமைப்புகளின் நிலை வேறு. அரசு அலுவலகங்களிலும் பெரிய கல்வி நிறுவனங்களிலும் ஃபயர்வாலை நிர்வகிப்பதற்கென்றே ஒருவர் பொறுப்பேற்றிருப்பார். அவருடைய எழுத்து மூலமான அனுமதியின்றி அங்கு வழி திறக்க முயல்வதும், தடையைச் சுற்றிச் செல்லும் மென்பொருள்களை நிறுவுவதும் களப் பணியாளருக்கு உரிய செயல் அல்ல.

வழி திறக்க இயலாத இடங்களில்

சேவையாளரின் முகவரி மாற்றத்திற்குள் அகப்பட்ட பள்ளி என்ன செய்யலாம்? கட்டணம் செலுத்தித் தனிப் பொது முகவரி ஒன்றைப் பெறுவது ஒரு வழி. ஆண்டில் ஓரிரு முறை பகிர்வதற்காக அச்செலவு தகுமா என்பது ஆலோசிக்கத் தக்கது. ஐ.பி. ஆறாம் பதிப்பு மற்றொரு வழி. அதன் பயன்பாட்டில் இந்தியா உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்று. அதில் ஒவ்வொரு கணினிக்கும் தனி முகவரி கிடைப்பதால் முகவரி மாற்றமே தேவையில்லை. எனினும் ரூட்டரின் ஃபயர்வால் அங்கும் நின்று தடுக்கும்; அதில் அக்கணினிக்கும் போர்ட்டுக்கும் அனுமதி விதி எழுத வேண்டும். மறுமுனையிலிருப்பவரும் ஆறாம் பதிப்பில் இணைந்திருந்தால்தான் இது பயன்படும்.

இரு மூடிய கணினிகளையும் ஏற்கெனவே அறிந்த மூன்றாவது கணினி, ஒரே நேரத்தில் ஒன்றையொன்று அழைக்குமாறு அவற்றிற்குச் சொல்லிக்கொடுக்கும் உத்தியும் உண்டு. இருபுறத் தபால் எழுத்தர்களும் தத்தம் பதிவேட்டில் வெளிச்சென்ற கடிதத்தைக் குறித்திருப்பதால், வரும் கடிதத்தை மறுமொழி என நினைத்து உள்ளே விட்டுவிடுவர். யு.டி.பி. வழியே மட்டும் நிகழும் இவ்வுத்தி எல்லா ரூட்டர்களிலும் பலிப்பதில்லை. பலிக்கும் இடங்களில், முன்னர்க் கூறிய 36 என்னும் விகிதம் ஓரளவு உயரும்.

பள்ளிகளுக்கு மிகவும் ஏற்றதோ இவற்றுள் எதுவும் அன்று. ஒரே கட்டடத்திலுள்ள கணினிகள் ஒன்றையொன்று சந்திக்க ரூட்டரின் வெளிக்கதவு வழியே செல்ல வேண்டுவதில்லை. பிட்டோரன்ட் மென்பொருள்கள் பலவற்றில், உள்வலையமைப்பிலுள்ள தோழர்களைத் தேடும் வசதி உண்டு; அதை இயக்கிவிட்டால், ஒரே கோப்பைப் பெறும் கணினிகள் அக்கூடத்திற்குள்ளேயே ஒன்றையொன்று கண்டுகொள்ளும். ஒரு கணினி இரவில் மெதுவாகவேனும் முழுக் கோப்பையும் வெளியிலிருந்து பெற்றுவிட்டால், மறுநாள் காலையில் எஞ்சிய இருபது கணினிகளும் அதனிடமிருந்தே பெறலாம். உள்வலையமைப்பு வினாடிக்கு 1,000 மெகாபிட் வேகம் கொண்டதாயின், வெளியிணைப்பில் 33 நிமிடம் எடுக்கும் 5 ஜிகாபைட் கோப்பு, கணக்கின்படி 40 வினாடியில் சென்றுவிடும். நடைமுறையில் தட்டின் வேகத்தால் ஓரிரு நிமிடம் கூடலாம். போர்ட் ஒன்றும் திறக்க வேண்டாம், ரூட்டரைத் தொடவும் வேண்டாம். ஒரு கூடத்திற்கு மட்டும் தொகுப்பு தேவைப்படும் ஆசிரியர் முதலில் முயல வேண்டியது இதுவே. பிற பள்ளிகளுக்கும் வழங்கும் பொறுப்பேற்ற ஒரு சில இடங்களில் மட்டும் போர்ட் திறந்திருந்தால் போதும். நூறும் திறந்திருக்க வேண்டுவதில்லை. மேற்கண்ட கணக்கில் 20 திறந்தவை, 80 மூடியவற்றுக்கும் வழங்கி வந்ததை நினைவிற் கொள்க.

வழங்கும் பொறுப்பேற்ற இடங்களில் வெளியே அனுப்பும் வேகத்திற்கு மென்பொருளில் ஒரு வரம்பு இடுதல் வேண்டும். இணைப்பின் முழுத் திறனையும் அதற்கு விட்டுவிட்டால் பள்ளியின் வருகைப் பதிவு முதலான அன்றாட வேலைகள் தடைப்படும். முழுத் திறனில் 80 சதவீதத்திற்குக் குறைவாக வைத்துப் பார்த்துத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். பகிர்வில் கலந்துகொள்ளும் ஒவ்வொரு கணினியின் வெளிமுகவரியும் பிறர் அனைவருக்கும் தெரியும் என்பதையும் பொறுப்பாளர் அறிந்திருத்தல் வேண்டும்.

எழுதிய நிலையாணையை, போர்ட் எண், உள்முகவரி, தேதி, காரணம் ஆகியவற்றுடன் கணினிக் கூடப் பதிவேட்டிலும் குறித்து வைப்பது நல்லது. ரூட்டர் பழுதாகி மாற்றப்படும்போதும், பின்புறமுள்ள சிறு துளையை அழுத்தி அது தொடக்க நிலைக்குக் கொண்டுவரப்படும்போதும் எல்லா விதிகளும் அழிந்துவிடும்; பதிவேட்டைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் மீண்டும் எழுதிவிடலாம். பகிர்வு வேலை முடிந்த பின்னர், அதே பதிவேட்டைப் பார்த்து விதியை நீக்கி, நீக்கிய தேதியையும் எதிரே குறிக்க வேண்டும்.